மேனேஜரய்யா கவனத்துக்கு

கண்ணு, கழுத்துல அட்டையத் தொங்கவுட்டுக்கிட்டு கோயமுத்தூரு சத்தி ரோட்டோரம் நின்னு என்ன கணக்குப் போடற? அமெரிக்காவுல எத்தனை டாலரு, ஜெர்மனியில எத்தனை யூரோ, ரூவாயாப் பெருக்குனா எத்தனைன்னா? பெருக்கு, பெருக்கு. பெருக்கறதுக்கு என்ன காசா, பணமா?

அங்க சம்பளம் எச்சுத்தான், ஆரு இல்லேன்னா? ஆனா அமெரிக்காக்காரன் காரணமே சொல்லாம ஊட்டுக்கு அனுப்பலாம். பெரிய கம்பெனி கூட்டமா ஆளை நீக்கறப்பத்தான் 60 நாளைக்கு முன்னால சொல்லோணும். எச்-1பி விசாவுல போனவனுக்கு வேலை போச்சுன்னா, அடுத்த வேலை புடிக்க அதே 60 நாள்தான். ஜெர்மனியில அந்தப் பாச்சா பலிக்காது. ஊழியர் குழு இருக்கற கம்பெனியில, அவுங்களைக் கேக்காம ஒருத்தனை நீக்குனாச் செல்லாது. 20 வருசம் இருந்தவனுக்கு 7 மாசம் முன்னயே சொல்லோணும். என்ன, வரி, காப்பீடுன்னு சம்பளத்துல மூணுல ஒரு பங்குக்கு மேலயே போயிரும். அந்தக் கழித்தலை நீ போடவே மாட்டீங்கறயே சாமி?

செரி, உன்ற ஊட்டுக் கணக்கு தெரியுமா? ஒரு வருசம் வேலை செஞ்சவனை ஆட்குறைப்புன்னு அனுப்புனா ஒரு மாச நோட்டீசு, வருசத்துக்கு 15 நாள் சம்பளம். 1947 தொழில் தகராறு சட்டம் சொன்னது. 2025 நவம்பர்ல அதுக்குப் பதிலாப் புதுச் சட்டம் வந்தும் அந்த உரிமை போகல. அதெல்லாம் மில்லுக்காரனுக்குன்னு இளிக்காத. ஐடிக்காரங்களுக்கும் சட்டம் பொருந்தும், சங்கம் வெச்சுக்கலாம்னு தமிழ்நாடு அரசு 2016-லயே சொல்லிருச்சு.

நீ எங்க சங்கத்துல சேர? தொழிலாளின்னு சொன்னாலே மூஞ்சி சுண்டிப் போகுது. 'லீடு', 'மேனேஜரு'ன்னு பட்டம் கட்டுனா, சலங்கை கட்டுன காளையாட்டம் தலைய ஆட்டற. மேனேஜருக்கு அந்தச் சட்டம் கெடையாதுன்னு ஆராச்சும் சொன்னாங்களா? நல்லவேளை, கோர்ட்டு பட்டத்தைப் பாக்காது, செய்யற வேலையைத்தான் பாக்கும். ராத்திரி பத்து மணிக்கும் கோடு எழுதிக்கிட்டு இருக்கறவன் எந்த ஊரு மேனேஜரு?

சங்கத்துல இருந்த சின்னியம்பாளையத்து மில்லுத் தொழிலாளிங்க நாலு பேரு 1946-ல தூக்குல ஏறுன சீமை இது. எட்டாவது படிச்ச மில்லுக்காரன் போனசையும் கிராஜுவிட்டியையும் வெரலுலயே கணக்குப் போடுவான். நீ என்ஜினீயரு. நீயா வேலையை வுட்டா 90 நாள் நோட்டீசுன்னு உன்ற வேலை உத்தரவுல போட்டிருக்குமே, கம்பெனிக்காரன் உன்னை வுட்டா எத்தனை நாளு? படிச்சுத்தான் கையெழுத்துப் போட்டயா, இல்ல சம்பளத்தை மட்டும் பாத்தயா?