காயலான் கடைக்காரருக்கு முன்னால் போய்ச் சேருவது எப்படி?

முதலில், கண் கலங்குவதைத் தள்ளிப்போடுங்கள். அதற்கு அப்புறம் நிறைய நேரம் கிடைக்கும்.

மாட வீதிகளுக்குப் பின்னால் ஏதோ ஒரு சந்தில், கல்யாணப் பத்திரிகையும் சபா டிக்கெட்டும் பில் புக்கும் அடித்து வந்த அச்சுக்கூடத்தை மூடப்போகிறார்கள் என்று காதில் விழுகிறது. உடனே மயிலாப்பூர்வாசி என்ன செய்கிறார்? செல்போனை எடுத்துக்கொண்டு போய் நாலு கோணத்தில் படம் பிடிக்கிறார். ‘ஒரு சகாப்தம் முடிந்தது’ என்று எழுதிக் குடும்ப வாட்ஸாப் குழுவில் போடுகிறார். அதற்குக் கும்பிடு கைகள் வரிசையாக வந்து விழுந்து முடிவதற்குள் ட்ரெடில் மெஷின் லாரி ஏறியிருக்கும்.

காயலான் கடைக்காரரை வில்லனாக நினைப்பது இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை. இந்தக் கதையில் சொன்ன நேரத்துக்கு வருகிற ஒரே மனிதர் அவர்தான். கையில் ரொக்கம், கூடவே செயின் பிளாக், கடப்பாரை, நாலு ஆள். மெஷின் வாசல்படி தாண்டாது என்றால் இரண்டாகப் பிளக்க கேஸ் கட்டரும் வைத்திருப்பார். பழமை ஆர்வலரிடம் இருப்பது விசிட்டிங் கார்டு. ஆகவே அவரோடு சண்டை போடாதீர்கள். கிலோ என்ன விலை போட்டிருக்கிறார் என்று கேட்டு, மேலே கொஞ்சம் சேர்த்துக் கொடுங்கள். இரும்பு யார் வீட்டுக்குப் போனால் அவருக்கு என்ன? அதே நாலு ஆளை வைத்து உங்கள் வாசலில் பத்திரமாக இறக்கியும் தருவார். இறக்கும்போது உங்களைப் பார்க்கும் பார்வையை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் மெஷினுக்கு முன்னால் எழுத்தைக் கேளுங்கள். காரணம் எளிது. ஈயமும் ஆன்டிமனியும் தகரமும் கலந்த அச்செழுத்துக்கு இரும்பைவிடக் கிலோவுக்கு விலை அதிகம். வாரிசுகள் முதலில் விற்பது அதைத்தான். எழுத்துப் பெட்டிகள் காலியான பிறகு ட்ரெடிலைத் தூக்கி வந்து, ‘இதில் ஒரு பத்திரிகை அடித்துக் காட்டுங்களேன்’ என்று பேரன் கேட்டால் ‘க’கூட இருக்காது.

எழுத்துப் பெட்டியைத் திறந்து பார்க்கும்போது, யானைத் துதிக்கை போட்ட ‘லை’யும் ‘னை’யும் கிடைத்தால் தனியாக எடுத்து வையுங்கள். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டதும், அந்த எழுத்துகளுக்கு வேலை போயிற்று. தேய்ந்த எழுத்தையே உருக்கிப் புது எழுத்து வார்க்கிற தொழில் இது. வேலை போன எழுத்தை எவர் வைத்திருப்பார்? அதையும் மீறி ஒரு அறையில் துதிக்கை மிச்சமிருக்கிறது என்றால், அந்த முதலாளி மறதிக்காரர் அல்லது ரசிகர். இரண்டில் எதுவானாலும் அவரிடம் பேரம் பேசலாம். எழுத்தைத் தொட்டபின் கையைக் கழுவாமல் ரவா தோசை சாப்பிடப் போகாதீர்கள். ஈயம் விஷம். இந்தக் கையேட்டில் கிண்டலே இல்லாமல் சொல்லப்படும் ஒரே அறிவுரை இதுதான்.

அடுத்தது, என்ன மெஷின் என்று தெரிந்துகொள்ளுதல். காலால் மிதித்து, கனத்த சக்கரத்தைச் சுற்றவிட்டு, ஒரு கையால் காகிதத்தை வைத்து மறு கையால் எடுப்பது ட்ரெடில். எழுத்து பூட்டிய பலகையும் காகிதம் வைத்த பலகையும் வாய் மூடுவதுபோல் சேரும். நடுவில் விரல் இருந்தால் விரலிலும் அச்சு விழும். காகிதத்தைத் தானே பிடித்து, காற்றாடி மாதிரி இரண்டு கைகளைச் சுழற்றி, உள்ளே கொடுத்து வெளியே வாங்குவது ஜெர்மன்காரன் செய்த ஹெய்டல்பெர்க். முழுக்கக் கருப்பு வார்ப்பிரும்பு. எடை ஒரு டன்னுக்கு மேல். முழு டெம்மி ஷீட்டையும் பெரிய உருளையில் சுற்றி அடிப்பது சிலிண்டர் மெஷின். அதைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஒரு கிடங்கு வாங்கிய பிறகு வரவும். கம்பெனிப் பெயர் தெரிய வேண்டுமென்றால் பெயர்த் தகட்டைப் பாருங்கள். பித்தளைத் தகடாக இருந்தால் பார்க்க வேண்டாம், அது எப்போதோ போயிருக்கும்.

ஒரு டன் என்றதும் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் இரண்டாம் மாடி பால்கனியை மனதில் அளந்து பார்ப்பது தெரிகிறது. வேண்டாம். அசோசியேஷன் செயலாளர் பிரம்புக் கூடை ஊஞ்சலுக்கே மூன்று கடிதம் எழுதுவார். தரைத்தளம், சிமென்ட் தளம், கார் நிற்கும் இடம், இவை மூன்றும் சேர்ந்தால்தான் பேச்சு. காரை எங்கே விடுவது என்பது குடும்பத் தகராறு, அதில் நான் தலையிட மாட்டேன். லஸ் பக்கம் மெட்ரோ தோண்டும் காலமாக இருப்பதால், எந்தத் தெரு எந்த மாதம் திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டு கிரேனுக்குச் சொல்லுங்கள். இல்லையென்றால் உங்கள் ஹெய்டல்பெர்க் கச்சேரி ரோட்டில் நின்றபடியே ஒரு பகலைக் கழிக்கும். போகிறவர்களெல்லாம் அது என்ன மாவு மில்லா என்று உங்களைக் கேட்பார்கள்.

இனி குழு அமைத்தல். மயிலாப்பூரில் மூன்று பேர் சேர்ந்தால் குழு, நாலாவது ஆள் வந்தால் சபா. ‘அச்சுமரபுப் பாதுகாப்பு’ என்று ஏதாவது பெயர் வைத்து, ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைத் தலைவராகப் போட்டு, பொருளாளருக்கு ஆடிட்டர் ஒருவரைப் பிடித்து, லெட்டர்பேட் அச்சடியுங்கள். அதை ஆஃப்செட்டில்தான் அடிப்பீர்கள், தெரியும். முதல் கூட்டத்தில் சின்னம் என்ன என்பது முடிவாகும். இரண்டாம் கூட்டத்தில் சின்னம் மாறும். மூன்றாம் கூட்டத்தில், அரசுக்கு மனு அனுப்புவது என்று தீர்மானம். இதற்குள் மார்கழி வந்துவிடும், எல்லோருக்கும் கச்சேரி இருக்கும். தைப் பொங்கல் முடிந்து போய்ப் பார்த்தால் அந்தச் சந்தில் பில்லர் எழுந்திருக்கும்.

‘வெளிநாட்டில் எல்லாம் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் பாருங்கள்’ என்று குழுவில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவர் சொல்வது பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப்பில் இருக்கும் பிளான்டின்-மொரேட்டஸ் அச்சகம். 1555-இல் தொடங்கிய அச்சகம். முந்நூறு வருஷம் ஒரே குடும்பத்தின் கையில் இருந்து, 1876-இல் எட்வர்ட் மொரேட்டஸ் என்ற வாரிசு வீட்டையும் அச்சுப் பொறிகளையும் எழுத்துகளையும் கணக்குப் புத்தகங்களையும் சேர்த்து நகராட்சிக்கே விற்றார். மறுவருடம் அது அருங்காட்சியகம் ஆயிற்று. உலகத்திலேயே மிகப் பழைய அச்சுப் பொறிகள் இரண்டு இன்னும் அங்கே நிற்கின்றன. மொத்தமாக விற்க ஒரு வாரிசு, மொத்தமாக வாங்க ஒரு நகராட்சி. நம் சந்தில் இருப்பவர்கள் நாலு அண்ணன் தம்பி, இரண்டு சகோதரிகள், நியூஜெர்சியில் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி.

சென்னைக்கும் ஒரு முன்னுதாரணம் உண்டு, ஆனால் அதைப் பின்பற்றக் கொஞ்சம் பீரங்கி தேவைப்படும். 1761-இல் ஆங்கிலேயப் படை அயர் கூட் தலைமையில் புதுச்சேரியைப் பிடித்தபோது, பிரெஞ்சுக் கவர்னர் மாளிகையில் ஓர் அச்சுப் பொறி கிடைத்தது. சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். கொண்டுவந்தபின் அதை இயக்கத் தெரிந்த ஆள் அரசாங்கத்திடம் இல்லை. வேப்பேரியில் இருந்த ஃபாப்ரீசியஸ் பாதிரியாரிடம் ஒப்படைத்தார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி வேலை வந்தால் அதை முதலில் அடித்துக் கொடுக்க வேண்டும் என்பது நிபந்தனை. மற்ற நேரம் அவர் பாடு. 1779-இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி அந்த வேப்பேரி அச்சகத்தில்தான் வெளியாயிற்று. கோட்டையில் ஏதோ ஒரு கிடங்கில் கொள்ளைப் பொருளாகப் போட்டிருந்தால் எத்தனை நாளில் லாடம் அடிக்கப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதற்கு ஆளும் கிடைத்தார், வேலையும் கிடைத்தது.

ஆளும் வேலையும் இருந்தால் பழைய மெஷின் பிழைக்கும் என்பதைப் பெரம்பூர்க்காரர்கள் இரும்பிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார்கள். 1855-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கிட்சன் கம்பெனி செய்து கல்கத்தாவுக்கு அனுப்பிய நீராவி எஞ்சின்கள் இரண்டு: கிழக்கிந்திய ரயில்வேயின் இ.ஐ.ஆர். 21, அதன் சகோதரி 22. இரண்டுக்கும் 1909-இல் ஓய்வு. இருபத்தொன்று ஜமால்பூர் பணிமனையிலும் பெரம்பூர் லோகோ பணிமனையிலுமாக நூறு வருஷம் காட்சிப் பொருளாக நின்றது. பெயின்ட் மட்டும் அவ்வப்போது கிடைத்திருக்கும். பணிமனை ஆட்கள் அதைப் பிரித்து, காணாமல் போன பாகங்களைத் தாங்களே செய்து பூட்டி, 2010 ஆகஸ்ட் 15 அன்று சென்ட்ரலிலிருந்து ஆவடிக்கு ஓட்டினார்கள். ‘ஃபேரி குவீன்’ என்று பெயர் வாங்கிய இருபத்திரண்டை 1997-இல் மறுபடி ஓடவைத்ததிலும் பெரம்பூர் கை உண்டு. உலகிலேயே ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய நீராவி எஞ்சின் என்று கின்னஸ் சான்றிதழெல்லாம் கிடைத்தது. 2011-இல் அந்த மகாராணியின் பாகங்களைத் திருடர்கள் கழற்றிக்கொண்டு போனார்கள்! மறுபடி வண்டி பெரம்பூருக்கே. சான்றிதழ் இருந்தால் காயலான் கடை கிட்டே வராது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்கவும்.

ஆகவே, மெஷினை எடுக்கும்போது மெஷின்மேனையும் சேர்த்து எடுங்கள். எடை குறைவு, ஆனால் கிடைப்பது கஷ்டம். அச்சுக்கூடம் மூடும் நாளில் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பெரியவரை யாரும் படம் எடுக்க மாட்டார்கள். அவரிடம் போய், ‘ஐயா, இதுல எத்தனை எண்ணெய்க் குழி இருக்கு?’ என்று கேளுங்கள். ‘எண்ணி எல்லாம் தெரியாது சார், கை தானா போவும்’ என்பார். அந்தக் கையோடு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு குழிக்கும் சாக்பீஸில் குறி போடுங்கள். எங்கே தடித்து அச்சு விழுகிறதோ அதற்கு நேர் பின்னால் எத்தனை டிஷ்யூ தாள் ஒட்ட வேண்டும், மழைக்காலத்தில் மையில் என்ன கலக்க வேண்டும், பெல்ட் எப்போது கத்தும் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இல்லை, இந்தக் கையேட்டிலும் இல்லை. பழைய நாளில் ரோலரை வஜ்ரமும் பாகும் காய்ச்சி வார்ப்பார்கள். அது சித்திரை வெயிலில் இளகும், ராத்திரியில் எலிக்கு விருந்தாகும். எலியைச் சமாளித்த கதையை அவர் சொல்லும்போது குறுக்கே பேசாதீர்கள். அவருக்குப் பேட்டா கொடுங்கள், சால்வை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.

பராமரிப்பு. பல அச்சுக்கூடங்களில் கடைசி வருஷங்களில் நடந்த ஒரே பராமரிப்பு ஆயுத பூஜைதான். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவார்கள். பாதகமில்லை, வருஷத்துக்கு ஒரு நாளாவது துணி பட்டதே. ஆனால் நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்யப்போவது பெயின்ட் அடிப்பது. பச்சை எனாமலை அடித்தால் எண்ணெய்க் குழியெல்லாம் அடைத்துக்கொள்ளும், மெஷின் அதற்குப் பிறகு சிலைதான். தேங்காய் எண்ணெயும் ஊற்றாதீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதி ஒன்றின் வரவேற்பறையில் ட்ரெடில்மேல் கண்ணாடி போட்டு அதன்மேல் வெல்கம் டிரிங்க் வைத்திருப்பதைப் பார்த்துப் பொறாமைப்படாதீர்கள். அதன் மிதிகட்டையை விளக்குத் தண்டாக மாற்றியிருப்பார்கள்.

பிறகு, அதற்கு ஒரு வேலை தேடுங்கள். மரபு ஆர்வலருக்கு இது கசக்கும். ராயப்பேட்டையிலும் திருவல்லிக்கேணியிலும் இன்றைக்கும் ஹெய்டல்பெர்க் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கே மை இருக்காது, எழுத்து இருக்காது. ஸ்வீட் பெட்டி அட்டைக்கு டை வெட்டும், கல்யாணப் பத்திரிகைக்கு க்ரீசிங் போடும், பில் புக்குக்கு நம்பர் அடிக்கும். குட்டன்பர்க்கின் வாரிசு மைசூர்பாகு டப்பா வெட்டுகிறதே என்று பெருமூச்சு விடாதீர்கள். அந்த டப்பா இல்லாவிட்டால் அந்த மெஷின் எப்போதோ உலைக்குப் போயிருக்கும். ஆகவே உங்கள் ட்ரெடிலுக்கும் பக்கத்து பேக்கரியின் பெட்டி, பள்ளிக்கூடத்து ரசீதுப் புத்தகம், ஆண்டுக்கு ஒரு தடவை நவராத்திரி அழைப்பிதழ் என்று ஏதாவது பிடித்துக் கொடுங்கள். பழைய புத்தகங்களில் ‘மெட்ராஸ் லா ஜர்னல் பிரஸ், மயிலாப்பூர்’ என்று பார்த்திருப்பீர்கள். 1891-இல் தொடங்கிய வக்கீல் பத்திரிகைக்கான அச்சகம், வெளியார் புத்தகமும் நிறையவே அடித்தது. அந்தக் காலத்திலேயே மெஷினைச் சும்மா நிறுத்திவைக்க யாருக்கும் கட்டுப்படியாகவில்லை.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. உங்களிடம் ஒரு ட்ரெடில் இருக்கிறது என்ற செய்தி பரவ ஒரு வாரம் போதும். அப்புறம் போன் வரத் தொடங்கும். மந்தைவெளியில் கட்டிங் மெஷின் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா? ஜாம்பஜாரில் ஸ்டிச்சிங் மெஷின், இலவசம், ஆனால் இன்று மாலைக்குள் எடுக்க வேண்டும். அசலான சிலிண்டர் மெஷின் சார், எங்க தாத்தா வாங்கினது, உங்களை மாதிரி ரசனையுள்ளவர்களுக்குத்தான் தருவோம். இந்த மூன்றாவது போனை வீட்டில் வேறு யாராவது எடுக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள், முடிந்தால் மாமியார்.