ஒற்றை மணிகள்

எண்பதுகளில் தென் இங்கிலாந்தில் எங்கள் தெருவில் பூப்பாத்தி என்றால் பூவைத் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது. வேலியோரம் நடந்தால் கம்பானுலாச் செடிகளின் அடியில் நீலக் குருணை சிதறிக் கிடக்கும். ஓடில்லா நத்தைக்கு வைத்த மெட்டால்டிஹைடு விஷம். வசந்தத்தில் வரும் இளந்தளிரை நத்தைகள் ஒரே இரவில் மொட்டையடித்துவிடும் என்பது உண்மைதான். அந்த நத்தைகளைத் தின்னும் முள்ளெலியைப் பற்றி அன்று யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மணி வடிவில் பூக்கும் இந்தச் செடியை எனக்குப் பழக்கியவர் பக்கத்து வீட்டு மூதாட்டி. பீச் இலைக் கம்பானுலாவின் ஒரு தூரைப் பிரித்துக் கொடுத்தார். பனிக்காலம் முழுக்கத் தரையோடு பச்சையாகக் கிடக்கும். ஜூனில் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்டு விட்டு நீலமாகப் பூக்கும். வாடிய பூவைக் கிள்ளினால் இன்னும் பூக்கும். சில ஆண்டுகளுக்கொருமுறை தோண்டிப் பிரித்து நட வேண்டும். காகசஸிலிருந்து வந்த லாக்டிஃப்ளோரா வகை ஆளுயரம் போகும். மே கடைசியில் நுனியை வெட்டிவிட்டால் சாயாது. இவையெல்லாம் அவர் சொன்னவை, இன்றும் அப்படியே செய்கிறேன்.

மாறியது மற்றதெல்லாம். 2022இல் பிரிட்டனில் வெளித்தோட்டங்களில் அந்தக் குருணைக்குத் தடை வந்தது. அதே ஆண்டு, நத்தைகளை இனிப் பீடை என்று வகைப்படுத்தப்போவதில்லை என அரச தோட்டக்கலைச் சங்கம் அறிவித்தது. நான் நாற்றைத் தொட்டியில் வளர்த்து, தண்டு முற்றிய பிறகே பாத்தியில் இறக்குகிறேன்.

இன்று நான் காத்திருப்பது ஒரு தேனீக்காக. கெலோஸ்டோமா கம்பானுலாரம்: அரை சென்டிமீட்டர்தான் இருக்கும், கறுப்பு. தன் குஞ்சுகளுக்கு இந்த மணிப்பூக்களின் மகரந்தத்தை மட்டுமே சேர்க்கும். பூவும் விந்தையானது. மொட்டிலேயே மகரந்தத்தைச் சூல்தண்டின் மயிர்களில் பூசி வைத்துவிடும். தேனீக்கள் அதை எடுத்துப்போன பிறகுதான் சூல்முடி மூன்றாகப் பிரிந்து விரியும். இரவிலும் மழையிலும் ஆண் தேனீக்கள் மணிக்குள்ளேயே ஒண்டிக்கொள்ளும்.

அடுக்குப் பூ வகைகள் நர்சரியில் அழகாகத்தான் இருக்கின்றன. பலவற்றில் மகரந்தத் தாள்களே இதழ்களாகிவிடுவதால் நான் வாங்குவதில்லை. வண்டு துளைத்த பழைய வேலிக்கால் ஒன்று பாத்தியோரம் நிற்கிறது. பிடுங்கி எரித்துவிடச் சொல்கிறார்கள். அந்தத் தேனீ கூடு வைப்பது அப்படிப்பட்ட துளைகளில்தான்; அது அங்கேயே நிற்கட்டும்.