பத்மநாபதாசனுக்கு ஒரு மனு

1891 ஜனவரியில் திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் ஒரு மனு போய்ச் சேர்ந்தது. கையெழுத்துப் போட்டவர்கள் 10,028 பேர். வரலாற்றுப் புத்தகத்தில் இதற்கு மலையாளி மெமோரியல் என்று பெயர். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் நின்றபடி சொல்லி முடிக்கும் அளவுக்கு அதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: உத்தியோகம் பூராவும் வெளியூர்க்காரன் கையில் கிடக்கிறது, உள்ளூர்க்காரன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கொஞ்சம் கவனியுங்கள் பொன்னுத்தம்புரானே.

வெளியூர்க்காரன் யார் என்று கேட்கிறீர்களா? நம்ம ஆள்தான். தமிழ்ப் பிராமணர். மனுக்காரர்கள் பாஷையில் பரதேசிப் பிராமணர். துணைக்குத் தஞ்சாவூர் மராட்டிய ராவ்கள். திவான் நாற்காலியின் வரலாற்றைப் பாருங்கள்: மாதவராவ், சேஷய்யா சாஸ்திரி, ராமய்யங்கார், ராமராவ். நடுவில் நாணுப்பிள்ளை என்ற உள்ளூர் நாயர் 1877 முதல் 1880 வரை உட்கார்ந்து எழுந்தார். நாற்காலி சூடாவதற்குள் முடிந்துவிட்டது. திவான் ஒருவர் வந்தால் தனியாகவா வருவார்? மாப்பிள்ளை, மச்சினன், மச்சினனின் மாப்பிள்ளை எல்லோருக்கும் மேஜை போடுகிறார்கள் என்பதுதான் புகாரின் காரம்.

புகார் முழுப் பொய்யில்லை. ஆங்கிலம் படித்த ஆள் வேண்டும் என்று அரசு தேடியபோது சென்னை மாகாணத்தில் படித்துத் தயாராக நின்றது அந்தக் கூட்டம்தான். ஆனால் கிழக்கேகோட்டை வாசலைத் தாண்டி உள்ளே போனால், பத்மநாப சுவாமி கோயிலைச் சுற்றி அக்கிரகாரத் தெருக்கள். அங்கே பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தன. தாத்தா எரிந்த சுடுகாடு இங்கே, பேரன் பரதேசியா என்று அவர்கள் கொதித்தார்கள். எதிர் மனு ஒன்றும் போனது. திருவனந்தபுரத்தில் மனுவுக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.

இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. மகாராஜா நாட்டுக்குச் சொந்தக்காரரே அல்ல. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டைப் பத்மநாப சுவாமிக்கு எழுதி வைத்துவிட்டார். அன்றிலிருந்து ராஜா வெறும் பத்மநாபதாசன், அதாவது மேனேஜர். முதலாளி பாம்பின் மேல் படுத்திருக்கிறார். மூன்று வாசல் வழியாகப் பார்த்தால்தான் தலைமுதல் கால்வரை தெரியும். அவர் எந்த மனுவையும் பிரித்துப் படித்ததாகத் தகவல் இல்லை. அந்த மேனேஜர் குடும்பமே தமிழ் புழங்கும் கல்குளத்துப் பத்மநாபபுரத்திலிருந்து 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் தலைநகரைத் தூக்கிக்கொண்டு வந்தது. கறாராகக் கணக்குப் பார்த்தால் அரண்மனையும் கொஞ்சம் வெளியூர்தான். அதைப் பத்தாயிரம் பேரில் ஒருவரும் எழுதவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள்.

மனுவின் முன்வரிசை ஆட்களைப் பாருங்கள். பாரிஸ்டர் ஜி.பி. பிள்ளை. மாணவனாக இருந்தபோதே திவானைத் தாக்கி எழுதி, கல்லூரியிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். எங்கே போனார்? சென்னைக்கு. அங்கே ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகை ஆசிரியராகப் பேர் வாங்கினார். 1896இல் தென்னாப்பிரிக்க இந்தியருக்காக ஆதரவு தேடி வந்த காந்திக்கு உதவினார். வெளியூர்க்காரனை வெளியேற்று என்ற முழக்கத்தைத் தயாரித்தவருக்குச் சோறு போட்டது வெளியூர்.

மூன்றாவது கையெழுத்து இன்னும் விசேஷம். டாக்டர் பல்பு. கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் பேட்டையில் பிறந்த ஈழவர். மருத்துவப் படிப்புக்கான தேர்வில் தேறியும் திருவிதாங்கூர் சேர்க்கவில்லை, சாதி இடித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துப் பட்டத்தோடு திரும்பினார். வேலையும் இல்லை என்றார்கள். மைசூர் அரசு கூப்பிட்டுக் கொடுத்தது. பெங்களூரில் பிளேக் வந்தபோது உயிரைப் பணயம் வைத்து வேலை பார்த்தார். ‘திருவிதாங்கூர் திருவிதாங்கூர்காரனுக்கே’ என்று கையெழுத்துப் போட்ட மனிதருக்குப் படிப்பு தமிழ்நாட்டில், சம்பளம் கன்னட நாட்டில்.

மனுவுக்கு வந்த பதிலில் ஈழவர்களைப் பற்றியும் ஒரு பத்தி இருந்தது. அவர்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை, விவசாயம், கயிறு திரித்தல், கள் இறக்குதல் போன்ற தங்கள் தொழிலிலேயே நிறைவாக இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். மைசூரில் ஸ்டெதஸ்கோப்போடு உட்கார்ந்திருந்த பல்பு இதைப் படித்திருப்பார். பிறகு நாயர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மேஜைகள் கிடைத்தன. கூட நின்று கையெழுத்துப் போட்ட ஈழவருக்கு நாற்காலியின் காலைக்கூடக் காட்டவில்லை. 1896 செப்டம்பர் 3இல் பல்பு தனியாக ஒரு மெமோரியல் போட்டார், 13,176 கையெழுத்தோடு. ஐந்தே வருஷத்தில் மனுதாரர் பிரதிவாதி ஆகிவிட்டார்.

இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத ஓர் ஆள் இருந்தார். உத்தியோகம் அப்புறம், முதலில் ரோட்டில் நடக்க விடு என்றவர். 1893இல் வில்வண்டி ஏறி, மேல்சாதிக்காரர் மட்டுமே போகலாம் என்றிருந்த சாலையில் ஓட்டிக் காட்டிய அய்யன்காளி. பிற்பாடு பிரஜா சபைக்கு அவரை நியமன உறுப்பினராக்கினார்கள். சபை கூடிய விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலுக்கு 2019இல் அவர் பெயரையே வைத்தார்கள். விக்டோரியா ராணியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை.

இனி 1932. புதிய சட்டசபை அறிவிப்பு வந்தது. ஓட்டு உண்டு, ஆனால் நிலவரி கட்டுகிறவனுக்கு. நிலம் யாரிடம்? பெரும்பாலும் நாயரிடம். ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம் மூவரும் சேர்ந்து இந்த ஓட்டு எங்களுக்கு வேண்டாம் என்று விலகி நின்றார்கள், நிவர்த்தனப் போராட்டம். 1891இல் ‘பாவப்பட்ட உள்ளூர்க்காரன்’ ஆக இருந்த நாயர், இப்போது ‘ஆதிக்கக்காரன்’. 1935இல் கோழஞ்சேரியில் மகாராஜாவின் ஆலோசகர் சர் சி.பி. ராமசாமி ஐயரை வறுத்தெடுத்துப் பேசிய ஈழவத் தலைவர் சி. கேசவனைப் பிடித்து உள்ளே போட்டார்கள். அதே வருஷம் சர்க்கார் வேலைக்கு ஆள் எடுப்பதில் சமூகங்களுக்குப் பங்கு தர ஏற்பாடும் வந்தது. ஒரு கையில் விலங்கு, மறு கையில் வேலை.

இதே காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கமும் ஒரு கூத்து நடந்தது. அமெரிக்கக் கறுப்பர்கள் ஓட்டுப் போட முடிந்த இடங்களில் எல்லாம் லிங்கனின் குடியரசுக் கட்சிக்கே போட்டு வந்தார்கள். ஜனநாயகக் கட்சி தென்மாநில வெள்ளையரின் கோட்டை. 1913இல் பதவிக்கு வந்த அதன் வில்சன், வாஷிங்டன் அலுவலகங்களிலேயே நிறம் பார்த்து மேஜையைப் பிரித்தவர். 1936 நவம்பர் 3 தேர்தலில் அந்தக் கறுப்பர் ஓட்டு பெருவாரியாக ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் பக்கம் சாய்ந்தது. ஒன்பதே நாள் கழித்து, நவம்பர் 12இல், திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம். ராஜாவுக்கு ரேடியோவில் நியூஸ் கேட்டு ஞானம் வந்ததா என்றால் இல்லை. ஈழவத் தலைவர்கள் மதம் மாறுவதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். சர்ச்சுகள் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தன. தலைகளை எண்ணிப் பார்த்த திவான் சி.பி., கோயில் கதவைத் திறப்பது மலிவு என்று கண்டுகொண்டார். அதனால் பிரகடனத்தின் பெருமை குறைந்துவிடாது. ஆனால் பெருமைக்குப் பின்னால் ஒரு கணக்குப் பிள்ளை எப்போதும் உட்கார்ந்திருப்பார்.

அமெரிக்கக் கதையை முடித்துவிடுகிறேன். 1948இல் கறுப்பருக்கு உரிமை என்ற பேச்சைச் சகிக்காமல் ஜனநாயகக் கட்சியை விட்டு ஸ்ட்ராம் தர்மண்ட் வெளியே போய்த் தனியாக நின்றார். தோற்றுத் திரும்பியவர், 1964இல் குடியரசுக் கட்சிக்கே குடிபெயர்ந்தார். அந்த 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்கு விகிதப்படி அதிகம் ஓட்டுப் போட்டது குடியரசுக் கட்சிக்காரர்கள். கையெழுத்துப் போட்டது ஜனநாயகக் கட்சியின் ஜான்சன். எதிர்த்து ஓட்டுப் போட்டது குடியரசுக் கட்சியின் வேட்பாளர் கோல்ட்வாட்டர். அதனால் இன்றைக்கும் இரண்டு கட்சியும் எதிராளியை இனவெறியன் என்று திட்டும்போது ஆளுக்கொரு ஆண்டைப் பிடித்துக்கொள்ளும். கிழக்கேகோட்டையில் மேத்தன் மணி என்று ஒரு பழைய கடிகாரம் இருக்கிறது. மணி அடிக்கும்போதெல்லாம் தாடிக்காரத் தலை வாயைத் திறக்கும், இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்டுக்கடாக்கள் வந்து கன்னத்தில் முட்டும். வாக்காளன் படத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

சி.பி.யும் போனார். 1947 ஜூலை 25இல் சங்கீத நிகழ்ச்சி ஒன்றில் வெட்டு வாங்கி, ஆகஸ்டில் மூட்டை கட்டினார். வெட்டியவர் கே.சி.எஸ். மணி என்ற சோஷலிஸ்ட். முழுப்பெயரில் அவரும் ஓர் ஐயர். சாதிக் கணக்கு வைத்துச் சரித்திரம் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுவார்கள்.

இப்போதுதான் கதை நமக்குச் சுவாரசியமாகிறது. 1891இல் தமிழன் வெளியூர்க்காரன் என்று மனுப் போட்ட அதே திருவனந்தபுரத்தில், 1940களின் கடைசியில் தெற்குத் தாலுகாத் தமிழர்கள் எழுந்து நின்று, சரி, நாங்கள் போகிறோம் என்றார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை எல்லாவற்றையும் கையோடு எடுத்துக்கொண்டு. சந்தோஷமாக வழியனுப்பி வைக்க வேண்டாமா? அதுதான் இல்லை. போகாதே, நீ எங்கள் ரத்தம் என்று ஒரே பாசம். அந்தப் பாசத்துக்கு நாஞ்சில் நாட்டு நெல் ஒரு காரணம். திருவிதாங்கூரின் சோற்றுப்பானை அங்கேதான் இருந்தது. மேஜையில் உட்கார்ந்த தமிழன் அந்நியன். வயலோடு சேர்ந்த தமிழன் சொந்தக்காரன்.

இரண்டும் ஒரே தமிழன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விளவங்கோட்டில் கொடி பிடித்தவர்கள் அக்கிரகாரத்து ஆட்கள் அல்ல. அவர்களில் பெரும்பகுதி நாடார்கள். தங்கள் வீட்டுப் பெண்கள் மேலாடை அணிய 1859 வரை சண்டை போட்டவர்களின் பேரப்பிள்ளைகள். தலைவர் நேசமணி, நாகர்கோவில் வக்கீல். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1948 தேர்தலில் 14 இடங்களைப் பிடித்தது. உடனே எதிர்முகாம், இது மொழிக் கட்சியே இல்லை, சாதிக் கட்சி என்றது. சொன்னவர்களின் கட்சியில் சாதியே கிடையாது என்று நீங்கள் நம்பினால் உங்களுக்கு நல்ல மனசு.

1954 திருவிதாங்கூர்-கொச்சித் தேர்தலில் காங்கிரசுக்கு 45, பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு 19, தமிழ்நாடு காங்கிரசுக்கு 12. முதலமைச்சரானது 19 வைத்திருந்த பட்டம் தாணுப்பிள்ளை. 45 வைத்திருந்த காங்கிரஸ் வெளியே நின்று முட்டுக் கொடுத்தது. ஆகஸ்ட் 11இல் தெற்கே விடுதலை நாள் கொண்டாடிய கூட்டத்தின் மேல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. பலர் செத்தார்கள். இதற்கு நக்கல் கிடையாது. சொந்த மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று பட்டத்தின் கட்சிப் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா சிறையிலிருந்தபடி கேட்டார். பட்டம் விலகவில்லை. கட்சிதான் கடைசியில் உடைந்தது. 1955இல் காங்கிரஸ் கைவிட, ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்தமேனன் ஆட்சியைத் தாங்கிப் பிடித்தது யார்? நேசமணியின் கட்சி. நேற்று வரை தமிழ் வெறியர்கள், இன்று கூட்டணித் தோழர்கள்.

பட்டத்தின் அந்த மந்திரிசபையில் நிதி, வருவாய்த் துறைகளைப் பார்த்தவர் பி.எஸ். நடராஜபிள்ளை. நிலச் சீர்திருத்த மசோதாக்களைக் கொண்டுவந்த நேர்மையான மனிதர். அவர் அப்பா யார் தெரியுமா? திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிப் பேராசிரியர் சுந்தரம் பிள்ளை. நாம் எழுந்து நின்று பாடுகிறோமே தமிழ்த்தாய் வாழ்த்து, அதை உள்ளடக்கிய ‘மனோன்மணீயம்’ எழுதியவர். அந்த நூல் வெளிவந்த வருஷம் 1891. சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவல் வந்ததும் அதே வருஷம். ஒரே ஊரில் தமிழுக்கு ஒரு நாடகம், மலையாளத்துக்கு ஒரு நாவல், நடுவில் வெளியூர்க்காரன் யார் என்று ஒரு மனு.

1956 நவம்பர் 1இல் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. கூடவே கேட்ட தேவிகுளம், பீர்மேடு, நெய்யாற்றின்கரை அங்கேயே நின்றன. நேசமணியின் கட்சி காங்கிரசில் கரைந்தது. 1968இல் அவர் இறந்ததும் காலியான நாகர்கோவில் தொகுதியில், விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர் 1969இல் நின்று ஜெயித்தார். மாநிலம் முழுக்க தி.மு.க. அலை அடித்தபோதும் அந்த மூலை அசையவில்லை.

கிழக்கேகோட்டை இருக்கும் திருவனந்தபுரம் தொகுதி என்ன செய்தது? 1962இல் சுயேச்சையாக நின்ற அதே நடராஜபிள்ளையை டெல்லிக்கு அனுப்பியது. 1980இல் நீலலோகிததாசன் நாடாரை அனுப்பியது. 1984இல் அவரைத் தோற்கடிக்க காங்கிரஸ் இன்னொரு நாடாரை நிறுத்தியது, ஏ. சார்லஸ் வென்றார். 1989இல் இடதுசாரிகள் சாதியை ஒதுக்கி வைத்து, மலையாளத்தின் பெருங்கவி ஓ.என்.வி. குறுப்பையே களத்தில் இறக்கினார்கள். மலையாளத்தின் தலைநகரில் அவர் சார்லசிடம் தோற்றுப்போனார்.