ஒரு நூல் மாமா

எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடி மாமாவுக்குக் கதவில் மாட்டியிருக்கும் பெயர் வேறு. ஆனால் வாட்ச்மேன் முதல் பால் போடும் பையன்வரை எல்லாருக்கும் அவர் ‘ஒரு நூல் மாமா’தான். தச்சு வேலையில் அங்குலத்துக்கு 8 நூல். அந்த எட்டில் ஒன்று எங்கே கம்மியாயிற்று என்று தேடுவதே ஓய்வு பெற்றபின் அவர் பார்க்கும் உத்தியோகம்.

35 வருஷம் வங்கியில் கணக்கை நேர் செய்தவர். ஒரு ரூபாய் இடித்தாலும் கண்டுபிடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாராம். மரவேலையில்தான் மனுஷர் மாட்டிக்கொண்டார். பேரேட்டில் தப்பாக எழுதியதை எதிர்ப்பதிவு போட்டுச் சரிக்கட்டலாம். அறுத்த பலகைக்கு எதிர்ப்பதிவு கிடையாது.

போன புரட்டாசிக்கு 5 படி கொலு மேடை செய்யக் கிளம்பினார். எட்டுக்கு நாலு ப்ளைவுட் ஒன்று வந்து இறங்கியது. ஐந்து பலகைக்கும் ஒரே மூச்சில் கோடு போட்டார். அளந்தார்; மறுபடி அளந்தார்; மாமியைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னார். இவ்வளவும் செய்தவர் ஒன்றை மறந்தார்: ரம்பமும் சாப்பிடும். மின்ரம்பத்தின் வாய்க்குள் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும். கோடு போடும்போதே அதற்கும் பங்கு ஒதுக்க வேண்டும். மாமா ஒதுக்கவில்லை, ரம்பம் தானே எடுத்துக்கொண்டது. மூன்றாம் படி ஒரு நூல் இளைத்தது.

அன்றிரவு அவருக்குத் தூக்கம் இல்லை. இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு இன்னொரு தடவை அளந்தார், இருட்டில் கொஞ்சம் வளர்ந்திருக்குமோ என்று.

காலையில் பழி டேப்பின் தலையில் விழுந்தது. அதன் முனைக் கொக்கி லொடலொடவென்று ஆடுவதைக் கண்டார். ஆள் அகப்பட்டான் என்று இரண்டு சொட்டுப் பசை விட்டு இறுக்கினார். அந்தக் கொக்கி தன் தடிமன் அளவுக்கு ஆடத்தான் வேண்டும். விளிம்பில் மாட்டி இழுத்தாலும், சுவரில் முட்டி அளந்தாலும் கணக்கு ஒன்றாக வருவது அந்த ஆட்டத்தால்தான். ஹார்டுவேர் கடைக்காரர் இதை விளக்கியதும் மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. பலகைக் கவலையோடு டேப்புக் கவலையும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது ரசமட்டம். பால்கனியில் மேடையைப் பூட்டி, மேல் படியில் மட்டத்தை வைத்தார். குமிழி ஒரு ஓரமாக ஒதுங்கி நின்றது. ஒரு பக்கத்துக் காலை இழைத்தார், பார்த்தார், இழைத்தார். நாலு நாள் போராடிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, மேடையைக் கூடத்தில் தூக்கி வைத்தால், அது வருகிறவர்களுக்கெல்லாம் நமஸ்காரம் பண்ணுகிறது! மழைத்தண்ணீர் வடிவதற்காகப் பால்கனித் தரையைச் சரிவாகத்தான் போடுவார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மாமா விஷயத்தில் பால்கனி நிஜமாகவே கோணல். பழமொழியை நினைத்துச் சிரிப்பார்களே என்று அவர் வெளியில் சொல்லவில்லை.

கடைசியில் தெருமுனை ஆசாரியைக் கூப்பிட்டார். ஆசாரி மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மேஜைமேல் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகையை மடித்துக் காலடியில் செருகினார். மேடை நிமிர்ந்தது. மரத்தூளை ஃபெவிகாலில் குழைத்து மூன்றாம் படியின் சந்தில் அப்பினார். “காஞ்சதும் உப்புத்தாள் போட்டுடுங்க சார். அவ்வளவுதான்.”

“உங்களுக்கெல்லாம் தப்பே வராதா?” என்று கேட்டார் மாமா, ஏக்கத்தோடு.

“வராம என்ன சார்? வந்தா, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வெச்சுடுவோம்.”

நவராத்திரி வந்தது. படிகளின்மேல் வெள்ளை வேட்டி விரிந்தது. மரப்பாச்சி, செட்டியார், தசாவதாரம் என்று பொம்மைகள் ஏறி உட்கார்ந்தன. ப்ளைவுட் ஒரு பொட்டுகூட வெளியில் தெரியவில்லை. மாமா செய்ய வேண்டியதெல்லாம் சும்மா இருப்பதுதான்.

“படி ஜோரா இருக்கே!” என்று மூன்றாம் மாடி மாமி வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மாமா கூர்மத்தையும் வராகத்தையும் ஓரமாக நகர்த்தி, வேட்டியைத் தூக்கினார். “எங்கே ஜோர்? இங்கே பாருங்கோ, ஒரு நூல் கம்மி. தூள் வெச்சு அடைச்சிருக்கு.” ஆசாரி மறைத்ததையும் சேர்த்துக் காட்டினார்.

“ஏன்னா, அவா பொம்மையைப் பார்க்க வந்திருக்கா! வேட்டியை விடுங்கோ!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஒன்பது நாளில் அந்த இடைவெளியைப் பார்க்காமல் யாரும் வெளியே போகவில்லை. மேடை மட்டும் எதையும் காதில் போட்டுக்கொள்ளாமல் அத்தனை பொம்மைகளையும் ஆடாமல் தாங்கியது.

வருகிற நவராத்திரிக்கு நீங்களும் போகலாம். சுண்டல் பிரமாதமாக இருக்கும். ஒரே எச்சரிக்கை: மாமா வேட்டியைத் தூக்கும்போது, “எங்கே மாமா? ஒன்றும் தெரியவில்லையே” என்று ஆறுதல் சொல்லிவிடாதீர்கள். டார்ச் எடுத்து வந்துவிடுவார். “அடடா, ஆமாம்!” என்று சொல்லிவிட்டுச் சுண்டலுக்குக் கையை நீட்டுங்கள்.