கனெக்டர்ப் புணரியல்

நிலைமொழியும் வருமொழியும் சேரும்போது இயல்பாகச் சேரலாம். இல்லாவிட்டால் தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரங்களில் ஒன்று நேரும். நன்னூலில் பவணந்தி முனிவர் வகுத்தது இது. அவர் எழுத்துகளைப் பற்றித்தான் பேசினார் என்று உரையாசிரியர்கள் இதுவரை நம்பி வந்திருக்கிறார்கள். 1976-இல் வெளிவந்த இசட்80 சிப்பை வைத்து வீட்டிலேயே ஒரு கணினி கட்டி, அதன் கனெக்டரைத் தப்பாக இணைத்தவன் என்ற தகுதியில் நான் இதை மறுக்கிறேன். போர்டு நிலைமொழி, கேபிள் வருமொழி. மீதியெல்லாம் சூத்திரப்படியே நடக்கிறது.

தோன்றல் என்பது இரண்டு பின்களுக்கு நடுவே இல்லாத ஈயம் வந்து உட்காருவது. (முதல் பின் எப்போதும் முன்னால் இருக்கும், ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டதன் பலன்.) இடைவெளி 2.54 மில்லிமீட்டர்தான். சந்தியில் வலி மிகுவதுபோல இங்கே ஈயம் மிகும்; மல்டிமீட்டர் கத்தக்கூடாத இடத்தில் கத்தும். கெடுதல், இருக்கவேண்டிய இணைப்பு விட்டுப்போவது. ஒரு துண்டு மெல்லிய கம்பியில் தீர்ந்துவிடும். இவை இரண்டும் தொடக்க மாணவர்களுக்கு உரியவை.

திரிதலில்தான் விஷயம் இருக்கிறது. 9 பின் சீரியல் கனெக்டரில், கணினிப் பக்கம், 2-ஆம் பின் கேட்கும், 3-ஆம் பின் பேசும். அதன் அண்ணனான 25 பின் கனெக்டரில் 2 பேசும், 3 கேட்கும். ஒருவர் வாய் மற்றவர் காதுக்குப் போகவேண்டும். வாயை வாயோடு கட்டினால் சம்பந்தி வீட்டுப் பேச்சுதான்: இரு தரப்பும் பேசும், யார் காதிலும் எதுவும் விழாது.

என் திரிதல் இன்னும் பெரியது. 40 பின் சிப்பை மேலிருந்து பார்த்தால் எண்கள் இடப்பக்கம் 1 முதல் 20 வரை இறங்கி, வலப்பக்கம் 21 முதல் 40 வரை ஏறும், சுத்தமான அப்பிரதட்சிணம். ரிப்பன் கேபிள் செருகும் கனெக்டரிலோ ஒற்றைப்படை ஒரு வரிசை, இரட்டைப்படை எதிர்வரிசை. சிப்பின் எண்முறையை நான் கனெக்டருக்கும் கொடுத்துவிட்டேன். கணக்குப் போட்டால் 40-இல் 39 தப்பு; 1-ஆம் பின் மட்டும் சரி. அந்த ஒன்றைத்தான் நான் சரிபார்த்திருந்தேன்.

திருத்தத்தில் இரண்டு மரபுகள் உண்டு. அறுவை மரபினர் பிளேடால் செப்புக் கோட்டை அறுத்துவிட்டுக் கம்பி ஓட்டுவார்கள். சமாதான மரபினர் போர்டைத் தொடாமல் கேபிளிலேயே குறுக்குமறுக்காக மாற்றிக்கொள்வார்கள். 39 கோடுகளை அறுத்தால் போர்டு என்று எதுவும் மிஞ்சாது என்பதால் நான் இரண்டாவது மரபுக்கு மாறினேன். இரண்டு மாலைகள் போயின.

ஒரு புறனடை. ரேமுக்குப் போகும் எட்டு டேட்டா கம்பிகள் தங்களுக்குள் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது. மாற்றி எழுதியது, படிக்கும்போது அதே வழியில் திரும்பிச் சரியாகிவிடும். அவர்களுக்குள் புரிந்தால் போதும்; இலக்கணத்தில் இதன் பெயர் குழூஉக்குறி. ரோமுக்கு இந்தச் சலுகை இல்லை. அதை வெளியே எழுதிக் கொண்டுவருவதால், அதே குழப்பத்தோடு எழுதிவந்தால்தான் பிழைக்கலாம்.

ஒட்டுக்கம்பிக்கு வெட்கப்படுவோருக்கு முன்னோர் சான்று உண்டு. 1982-இல் பிரிட்டனில் வந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமின் முதல் போர்டுகளில், ஒரு பிழையைச் சமாளிக்கச் சிப் ஒன்றை மல்லாக்கப் போட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். அதற்கு விழுந்த பெயர் 'செத்த கரப்பான்'.

இயல்புப் புணர்ச்சிக்கு மட்டும் கள ஆய்வில் எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை. அதற்காகவே இரண்டாவது போர்டு செய்யக் கொடுத்தேன். வரைபடத்தை அனுப்பிய மறுநாள்தான் உறைத்தது: இந்தக் கனெக்டர் போர்டின் அடிப்பக்கம் வருகிறது. அடியில் வைத்தால் ஒற்றைப்படை வரிசையும் இரட்டைப்படை வரிசையும் இடம் மாறும். 1-க்கு 2, 39-க்கு 40. இம்முறை 1-ஆம் பின்னும் தப்பு.