முதிர்வு வரை மௌனம்

அமெரிக்கச் சிற்றூர் வங்கிக்கு நாலு கிளை இருக்கும். அதன் தலைமேல் ஒரு ஹோல்டிங் கம்பெனி. கம்பெனியின் சொத்து? பெரும்பாலும் அந்த வங்கிதான். வேலை? அதை வைத்திருப்பது.

அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையில் ரசமான இடம் கணக்குக் கொள்கைப் பகுதி. வங்கி வாங்கிவைத்த ஒரே கடன்பத்திரத்தை ‘விற்பனைக்கு உண்டு’ என்று எழுதினால் சந்தை விலையில் காட்ட வேண்டும். ‘முதிர்வு வரை வைத்திருப்போம்’ என்று எழுதிவிட்டால் வாங்கிய விலையை ஒட்டியே காட்டலாம்; சரிவெல்லாம் பின்குறிப்போடு சரி. 2022 முடிவில் இரு வகையிலுமாக அமெரிக்க வங்கிகளின் இத்தகைய ‘விற்றால்தான் நட்டம்’ சுமார் 62,000 கோடி டாலர்.

2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியில் (அது சிற்றூர் வங்கியல்ல, கொள்கை மட்டும் அதேதான்) ஒரே நாளில் 4,200 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டார்கள். பணம் போட்டவர்கள் யாரும் முதிர்வு வரை பொறுப்பதாகக் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.