மின்விசிறி வகுப்பு

வெப்பமண்டல நாட்டுக்கு முதன்முறை போகிறவர்களுக்கென்று எழுதப்பட்ட ஆங்கில வழிகாட்டிப் புத்தகம் எதையாவது புரட்டியிருக்கிறீர்களா? வெயில் கடுமையாக இருக்கும் என்று ஆரம்பிப்பார்கள். பருத்தித் துணி உடுத்துங்கள். கொசு கடிக்கும். சாலையில் வண்டிகள் உங்களுக்காக நிற்காது. கழிப்பறையில் காகிதத்துக்குப் பதிலாகச் சுவரில் ஒரு தண்ணீர்க் குழாய் தொங்கும், பதற வேண்டாம். படிக்கிற தமிழனுக்கு, தன் வீட்டுக்குள் எவனோ புகுந்து குறிப்பெடுத்துப் போயிருக்கிறான் என்றுதான் தோன்றும்.

அந்தப் புத்தகங்கள் ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்புகிறவருக்கு. பாளையங்கோட்டையிலிருந்து கிளம்புகிறவருக்கு வேறு புத்தகம் வேண்டும். மச்சினனோடு தாய்லாந்து போய்வந்த ஒரே தகுதியில் அதன் சில பக்கங்களை நானே எழுதிப் பார்க்கிறேன். மச்சினன் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். ஆணியைக் கிலோக் கணக்கில் விற்றாலும் மனசுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிற ஆள்.

முதல் எச்சரிக்கை ஊரிலிருக்கும்போதே தேவைப்படும். 2025 மே முதல் தாய்லாந்துக்குள் நுழையும் வெளிநாட்டவர், இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பியாக வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். அரசுத் தளம் மாதிரியே வேஷம் கட்டிக்கொண்டு காசு கேட்கிற தளங்களும் உண்டு. சும்மா கிடைப்பதற்கு எவனாவது காசு கேட்டால் மச்சினனுக்கு மூக்கில் வியர்த்துவிடும். அவனைக் கூட்டிப்போனதில் கிடைத்த முதல் லாபம் அது.

வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. குளிரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பாங்காக்கில் வெளியே ஏப்ரல் என்றால் பெட்டிக்கடைக்குள் டிசம்பர். தெருவுக்குத் தெரு இருக்கும் செவன் இலெவன் கடைக்குள் தண்ணீர் பாட்டில் வாங்க நுழைந்தவன் தும்மிக்கொண்டே வெளியே வருவான். தலைக்கு மேலே ஓடும் மின்ரயிலில் இன்னும் மோசம். சியாங் மாய்க்குப் போகிற இரவுப் பேருந்தில் போர்வை கொடுக்கிறார்கள். கொடுக்கும்போதே நாம் உஷாராகியிருக்க வேண்டும். ஏற்காட்டுக்குப் போகும்போது எடுத்துப்போகும் குரங்குக் குல்லாயை மறக்காமல் எடுத்துப்போங்கள். மலிவு விமானத்தில் கைப்பைக்கு அனுமதிக்கிற ஏழு கிலோவில் அது அதிகம் சாப்பிடாது.

குளிருக்குக் காசு வேறு வாங்குகிறார்கள் என்பதுதான் வேடிக்கை. அறை வாடகையில் ஏசிக்கு ஒரு விலை, மின்விசிறிக்கு ஒரு விலை. ரயிலிலும் அப்படியே. பாங்காக்கின் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து அயுத்தயாவுக்கு மூன்றாம் வகுப்பில் போனால் இருபது பாட் சுமாருக்கு வேலை முடியும். ஜன்னல் திறக்கும், கூரையில் விசிறி சுற்றும், கூடைக்காரம்மா ஏறி இறங்குவார். எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார இளைஞர் இதை வாழ்க்கையில் ஒருமுறை கிடைக்கும் சாகசம் என்று படம் பிடித்துக்கொண்டிருந்தார். மச்சினனோ, நெல்லை–செங்கோட்டை பாசஞ்சரில் ஏறினவன் போல் செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கிப்போனான். பெரியபெரிய விரைவு ரயில்கள் 2023 ஜனவரியில் புது நிலையத்துக்கு இடம் மாறிவிட்டன. சாதாரண ரயில்களைப் பழைய நிலையத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள், நம்மைப் போன்றவர்களின் நன்மைக்காக. சுருக்கமாக, அங்கே மற்றவர்கள் காசு கொடுத்துத் தப்பிக்கிற சங்கடங்கள் எல்லாம் நாம் பிறந்ததிலிருந்து பழகியவை. அந்தப் பழக்கம்தான் நம் கையிருப்பு.

ஆற்றுப் படகும் அந்தக் கணக்கில்தான் சேரும். சாவ் பிரயா ஆற்றில் நீலக் கொடிப் படகு சுற்றுலாக்காரர்களுக்கு; ஒலிபெருக்கியில் ஊர்ப் பெருமை சொல்வார்கள். ஆரஞ்சுக் கொடிப் படகு அலுவலகம் போகிறவர்களுக்கு. கட்டணம் குறைவு, பெருமை கிடையாது. ஆறு ஒன்றுதான்.

எங்களைப் பாடாய்ப் படுத்தியது இரண்டரை. நாங்கள் போனபோது ஒரு பாட் என்றால் ரூபாய்க் கணக்கில் இரண்டரையும் சில்லறையும். இளநீரைப் பார்த்தால் மச்சினன் உதடு அசையும். “அறுபது பாட்டுன்னா… மாமா, நூத்தம்பது ரூபா! ஒரு இளநிக்கா?” வெட்டின இளநீரை அந்த அம்மா நீட்டிக்கொண்டே நிற்பார். பெருக்காமல் செலவழிக்கிறவன் ஊருக்குத் திரும்பக் காசில்லாமல் நிற்பான். எதையும் பெருக்குகிறவன் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன மாட்டான். இதற்கு நான் கண்ட வழி: காலையில் ஒரே ஒரு தடவை, அன்றைய முழுச் செலவுக்கும் சேர்த்துப் பெருக்கிவிட்டு, அப்புறம் மறுநாள்வரை வாய்ப்பாட்டை மறந்துவிடுவது. மச்சினன் ஒத்துக்கொண்டான். அன்றைக்கே ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கென்று தனியாக 220 பாட் பிடித்தார்கள். ஒப்பந்தம் அத்தோடு காலி. நீங்கள் ஒரே தடவையில் மொத்தமாக எடுத்துவிடுங்கள்.

ஆனால் அந்த வாய்ப்பாடுதான் எங்களை ஒரு பெரிய வலையிலிருந்து காப்பாற்றியது. அரண்மனைக்குப் போகும் வழியில் ஒரு பெரியவர், நல்ல சட்டை, நல்ல ஆங்கிலம், “இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, விசேஷ பூஜை” என்றார். பரவாயில்லை, இருபது பாட்டுக்கு நான்கு கோவில் சுற்றிக் காட்டும் டுக்டுக் இதோ நிற்கிறது என்றார். பாங்காக்கின் பழம்பெரும் தொழில் இது. வண்டி கோவிலுக்குப் போகும், அதைவிட முக்கியமாக ரத்தினக் கடைக்கும் கோட்டு தைக்கிற கடைக்கும் போகும். கடைக்காரர் ஓட்டுநருக்குத் தருகிற எரிபொருள் சீட்டில்தான் வண்டி ஓடுகிறது. நான் இதை விளக்க வாயெடுப்பதற்குள் மச்சினன் முந்திக்கொண்டான். “நாலு கோவில், இருபது பாட்டு. கேஸுக்கே கட்டாதே மாமா. அப்ப இவன் வேற எவன் தலையிலயோ கை வைக்கிறான். இங்க நாம ரெண்டு பேருதான் நிக்கோம்.” அரண்மனை திறந்துதான் இருந்தது. உள்ளே நுழைய 500 பாட் என்றதும் அவன் முகம்தான் மூடிக்கொண்டது. முழங்கால் தெரிகிற கால்சட்டையில் போனால் உள்ளே விட மாட்டார்கள், வெளியே விற்கிற யானை போட்ட பைஜாமாவை வாங்க வேண்டிவரும். ஊரிலிருந்தே வேட்டியோ பேன்ட்டோ கட்டிக்கொண்டு போங்கள்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். காரத்தைப் பற்றிப் புத்தகங்கள் பயமுறுத்துகிறதை நம்பாதீர்கள். நமக்கு அது சொந்த ஊர்தான். சைவர்களுக்குச் சிக்கல் வேறு இடத்தில். கறி வேண்டாம் என்றால் சிரித்துக்கொண்டே கறியை எடுத்துவிடுவார்கள். மீன் சாறு கறிக்கணக்கில் வராது. நாம் உப்பு போடுகிற இடத்தில் எல்லாம் அவர்கள் அதைத்தான் ஊற்றுகிறார்கள். பச்சைப் பப்பாளித் துருவலைப் பார்த்து, பழத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று கேட்டு வாங்கினால், அடியில் காய்ந்த இறால் கண்ணைத் திறந்து பார்க்கும். மஞ்சள் கொடியில் சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 என்ற எண் மாதிரி ஓர் எழுத்து தொங்கும் கடையைத் தேடுங்கள். அது ‘ஜே’ உணவு. மீன் சாறும் முட்டையும் பாலும் கிடையாது. பூண்டும் வெங்காயமும்கூடக் கிடையாது. சீன வழி வந்த விரதச் சமையல். என் பெரியம்மா அங்கே போனால் குடியேறிவிடுவார்.

தயிர்சாதம் இல்லாமல் மூன்றாம் நாள் யாருக்கும் கை நடுங்கும். மச்சினன் கடையில் தயிர் டப்பா வாங்கி, மல்லிகை அரிசிச் சோற்றில் கொட்டிப் பிசைந்து, ஊறுகாயும் தொட்டு வாயில் வைத்தான். அது சர்க்கரை போட்ட தயிர். அங்கே விற்கிறதில் பாதி அப்படித்தான், எழுத்தும் புரியாது. தின்னவும் முடியாமல், இரண்டரையால் பெருக்கிய பொருளைத் துப்பவும் முடியாமல் அவன் இருந்த இருப்பை விவரிப்பது உறவுமுறைக்கு நல்லதல்ல. ஆறுதலாக, தெருமுனையில் குழிக்கல்லில் அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் ஊற்றிச் சுடுகிற ‘கனொம் குரொக்’ கிடைத்தது. பணியாரத்தின் ஒன்றுவிட்ட தங்கை. பருப்புப்பொடி மட்டும் ஊரிலிருந்து எடுத்துப்போனால் போதும், எடை கம்மி, ஒழுகாது.

பேரம் பேசுவதில் நமக்கு இருக்கிற அனுபவத்தை அங்கே அப்படியே இறக்கக் கூடாது. பாதி விலைக்குக் கேட்டு, திட்டிவிட்டுக் கிளம்புகிற மாதிரி நடித்து, திரும்பக் கூப்பிட வைக்கிற நம் கலையில் முதல் படியிலேயே சறுக்கும். குரல் உயர்ந்தால் எதிராளி சிரிப்பதை நிறுத்திவிடுவார். விலையும் அங்கேயே நின்றுவிடும். சிரித்துக்கொண்டே கால்குலேட்டரை நீட்டுவார்கள், சிரித்துக்கொண்டே வேறு எண்ணைத் தட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு கடைக்காரர்கள் பாஷையே இல்லாமல் சட்டைத் துணி ஒன்றுக்காக இப்படிப் பொத்தான் தட்டிக்கொண்டிருந்ததை நான் ஓரமாய் உட்கார்ந்து ரசித்தேன். சாப்பாட்டுக் கடையில் பேரமே கூடாது.

இன்னொன்று: நாணயம் உருண்டு ஓடினால் காலால் மிதித்து நிறுத்தாதீர்கள். அதில் மன்னர் முகம் இருக்கிறது. மன்னரை அவமதித்தால் மூன்று முதல் பதினைந்து ஆண்டு வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. ஓடினால் ஓடட்டும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்தால் பாஸ்போர்ட்டை அடகு வைக்காதீர்கள். ஊரிலிருந்து மழைக்காலம் பார்த்துக் கிளம்புங்கள். நவம்பரில் சென்னை மழைக்குத் தப்பித்துச் சாமுயி தீவுக்குப் போனால் அங்கேயும் வடகிழக்குப் பருவக்காற்றின் மழைதான் வரவேற்கும்.

தோன்புரியிலிருந்து காஞ்சனபுரி போகும் ரயிலிலும் விசிறிதான். வெளிநாட்டவருக்கு நூறு பாட். காஞ்சனபுரியைத் தாண்டி அது ஓடுவது 1942–43இல் ஜப்பானியப் படை போட்ட சயாம்–பர்மா பாதையில். போர்க்கைதிகளோடு, மலாயா தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் ஆயிரமாயிரமாய் அதில் செத்தார்கள். கைதிகளின் கல்லறைகள் பெயரோடு வரிசையாய் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் வரிசை கிடையாது. மச்சினன் அன்று எதையும் பெருக்கவில்லை.

கடைசியாக, உறவினர்களுக்கு வாங்கிப்போக வேண்டியவற்றின் பட்டியல். யா டோம் வாங்குங்கள். மூக்கில் வைத்து உறிஞ்சுகிற சின்னக் குழாய். தாய்லாந்தில் பேருந்து நடத்துநர் முதல் வங்கி அதிகாரி வரை எல்லார் பையிலும் இருக்கும். விலை மலிவு, பத்துப் பன்னிரண்டு வாங்கினாலும் பை கனக்காது. என் அத்தையிடம் ஒன்றைக் கொடுத்தோம். முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு. ஆனா தேய்க்க முடியாதேடா?” என்றார். மச்சினன் அதை வாங்கித் தலைகீழாகத் திருப்பி, அடியைத் திருகி, உள்ளேயிருந்த தைலத்தை அத்தையின் நெற்றியில் ஒரு கோடு இழுத்துக் காட்டினான்.

“அப்ப எனக்கு ரெண்டு வாங்கியிருக்கலாமே,” என்றார் அத்தை.